பாதி வழியில் கிழிந்த ஆர்டர்

மனிதகுலம் ஆயிரமாண்டுகளாகத் தேடிய புற்றுநோய் மருந்து நெய்வேலி இருபத்தொன்றாம் பிளாக்கில் பிறந்துவிட்டது. பிளாக் நலச்சங்கத் தலைவர் பரமசிவம் 2014இல் வைத்த பேனர் அப்படித்தான் சொன்னது. உண்மையில் அங்கே பிறந்தது ஆராய்ச்சி மாணவி இசைப்பிரியா மட்டும்தான். மருந்து பெங்களூரில், பதினொரு எலிகளின் உடம்பில் இருந்தது.

பரமசிவத்தின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவர் மனைவி ராஜாம்பாளுக்கு மார்பில் கட்டி. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கீமோ ஊசிமருந்து ஏற்றச் சொல்லியிருந்தார்கள். நம் பிளாக் பெண்ணே மருந்து கண்டுபிடிக்கும்போது வெளியூர் ஊசி எதற்கு, போகவேண்டாம் என்று அவர் உத்தரவு போட்டிருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் தன் உத்தரவு செல்லுபடியாகிறது என்பது அவர் நம்பிக்கை.

பாராட்டு விழாவில் பொன்னாடைகளெல்லாம் முடிந்து இசைப்பிரியாவுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. கட்டியை வளரச் சொல்லும் ஒரு மரபணுவின் வாயை மூடியிருப்பதாகச் சொன்னாள். கூட்டம் விழித்தது. அவள் பேச்சை மாற்றினாள்.

"ஆபீஸ்லேருந்து 'வளரு, வளரு'ன்னு ஆர்டர் வந்துக்கினே இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஆபீஸை நாங்க தொடல. ஆர்டர் ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்குள்ள வழியிலயே கிழிச்சிடறோம். வேலை மந்தமாயிடுது."

எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. சுரங்க ஆபீஸின் தபால் பிரிவில் பரமசிவம் முப்பது வருஷம் செய்ததும் இதே ஆராய்ச்சிதான் என்று பின்வரிசையில், அவரோடு வேலைபார்த்த பன்னீர்செல்வம் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

ராஜாம்பாள் எழுந்தாள். "கட்டி நின்னுபோச்சா கண்ணு?"

"இல்லீங்க ஆன்ட்டி. எலிக்கு இன்னும் வளருது, பாதி வேகத்துல. மனுஷங்களுக்கு வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகலாம். வரும்னு நம்பறேன்."

"அதுவரைக்கும்?"

"ஊசி போட்டுக்கணும். ஒண்ணுகூட விடக்கூடாது."

"இத நல்லா மைக்குல சொல்லு. அவரு காதுல வுழட்டும்."

மைக்கை வாங்கியவர் பரமசிவம். திங்கட்கிழமை தானே மனைவியைப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்லப்போவதாக, வெகுநாள் திட்டம்போல அறிவித்தார். கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வாங்கம்மா, இது நாலாவது இல்ல?" என்றாள். கட்டி பாதியாகச் சுருங்கியிருப்பதாகவும் சொன்னாள். வடலூரில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ராஜாம்பாள் மூன்று முறை இங்கே வந்திருந்தாள். அப்படியானால் இன்றைக்கு நான் எதற்கு என்று பரமசிவம் மெதுவாகக் கேட்டார்.

"திரும்பி வர்றப்ப வாந்தி வருதுங்க. பஸ்ல முதுவத் தடவ ஆளில்ல."

அவர் பையை வாங்கிக்கொண்டார். தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் படுக்கும்படி நர்ஸ் ராஜாம்பாளிடம் சொன்னாள். இரண்டு மாதமாக ராஜாம்பாள் வைத்திருந்தது டோப்பா. பரமசிவம் அதைக் கவனித்திருக்கவில்லை.