எட்டுப் பக்கக் காற்று

பிஸ்கட் கம்பெனியில் கூட்டக் குறிப்பு எழுதுவது கிளார்க்கம்மாவின் வேலை. எழுதுகிறாள் என்றால் சும்மா இல்லை, யாராவது தும்மினால்கூட விடமாட்டாள். மேனேஜர் சொன்ன ஜோக், அதற்கு யார் யார் சிரித்தார்கள், டீ ஆறிப்போனது, எல்லாம் அதில் இருக்கும். எட்டுப் பக்கத்துக்குக் குறையாது. ஒருத்தர் சொன்னதை விட்டுவிட்டால் அது துரோகம் என்பது அவள் கட்சி. அந்த எட்டுப் பக்கத்தை யார் படித்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது, பாவம்.

இந்தப் பெருமையில் மண்ணைப் போட்டது அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. அவளுக்குப் பேக்கிங்கில் வேலை. கிளார்க்கம்மாதான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தாள். பேக்கிங் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் பிஸ்கட்டில் தூசி விழும், திறக்காவிட்டால் ஆளே பிஸ்கட்டாக வெந்துவிடுவாள். அனலை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிறோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு நாத்தனார் வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தாள்.

“இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன். தலை சுத்துது.”

“ஐயோ அண்ணி, அவசரப்படாதீங்க. ஃபேன் வருது. நேத்து கூட்டத்துலகூடப் பேசினாங்க, நானே எழுதியிருக்கேன் பாருங்க.”

நாத்தனார் எட்டுப் பக்கத்தையும் வாங்கினாள். ரெண்டு பக்கம் பார்த்தாள். அப்புறம் அப்படியே நீளவாக்கில் மடித்து முகத்துக்கு விசிறிக்கொண்டாள்.

“உன் எழுத்தால எனக்கு வந்த காத்து இதுதான்டி.”

கிளார்க்கம்மாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணி நின்றுவிட்டால் பஸ்ஸில் பேச்சுத்துணை போய்விடும். அதைவிட, வேலைக்கு வந்த பிறகுதான் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், மறுபடி வீட்டுக்குள் முடங்கிவிடுவாள். மேஜைக்குத் திரும்பியதும் பழைய குறிப்புகளைப் புரட்டினாள். பர்ச்சேஸ்காரர், “அளவு குடுத்தா வாங்கிடலாம்” என்கிறார். எலக்ட்ரீஷியன், “வாங்கிக் குடுத்தா மாட்டிடலாம்” என்கிறார். மேனேஜர், “பாத்துக்கலாம்” என்கிறார். மூன்று பேரும் திருப்தியாக டீ குடிக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே கூத்துதான், அட்சரம் பிசகாமல் இவளே எழுதி வைத்திருந்தாள். ‘அடக் கடவுளே, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?’ என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்திலும் ஃபேன் பேச்சு வந்தது. மேனேஜர் வழக்கம்போல, “சரி, பாத்துக்கலாம்” என்று அடுத்த விஷயத்துக்குத் தாவினார். கிளார்க்கம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

“யாரு பாத்துக்கறாங்கன்னு எழுதறது, சார்?”

“எல்லாரும்னு போடும்மா.”

“எல்லாரும்னு நம்ம கம்பெனில ஒரு ஆளே இல்லையே சார்.”

எலக்ட்ரீஷியன் களுக்கென்று சிரித்தார். சிரித்தவர் மாட்டிக்கொண்டார்.

“அளவு எடுக்கறது நீங்கதானே அண்ணே? எப்போ?”

“நா... நாளைக்கு.”

“அளவு வந்ததும் ஃபேன் வாங்கறது எப்போ சார்?”

பர்ச்சேஸ்காரர் கூரையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள” என்றார் பர்ச்சேஸ்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

இன்னார், இன்ன வேலை, இன்ன நாள் என்று எழுதி, அங்கேயே சத்தமாக வாசித்தும் காட்டினாள். செருமலை எழுதவில்லை. மேனேஜரின் ஜோக்கையும் எழுதவில்லை. மனசு கேட்கவில்லைதான், அன்றைக்குப் பார்த்து ஜோக் நன்றாக வேறு இருந்தது.

மாலைக்குள் குறிப்பு எல்லார் மேஜைக்கும் போனது. ஒரே பக்கம். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என் ஜோக் எங்கம்மா?”

மனுஷன் படித்திருக்கிறார்! கிளார்க்கம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஃபேன் ஓட ஆரம்பித்த வாரம், நாத்தனார் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் பொட்டு வியர்வை இல்லை. “இப்ப என்ன எழுதுற, குடு பாப்போம்” என்று கையை நீட்டினாள். ஒற்றைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடி இது, விசிறக்கூடக் காணாது போலிருக்கே?”

“இப்போ விசிறி எதுக்கு அண்ணி?”

நாத்தனார் டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். அப்புறம் தலையைக் குனிந்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

“நான் நின்னுக்கறேன்னு சொன்னேனே, அதை எங்கயும் எழுதி வைக்கலையே?”

“எல்லாத்தையும் எழுதறதை விட்டுட்டேன் அண்ணி.”