ஈச்சங்காட்டை இழுத்து வந்த கயிறு

1958-ஆம் வருஷம் தை மாதம், குடியரசு தின விளையாட்டு விழாவில் பெண்கள் கயிறு இழுத்தபோது, கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த ஈச்சங்காடு என்னும் கிராமம் ஒன்பது மைல் நகர்ந்து வந்து வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. ஆள்சேதம் இல்லை. இரண்டு கோழிகள் மட்டும் வழியில் இறங்கிக்கொண்டன.

அதுவரை விழாவில் பெண்களுக்கென்று இருந்தது கோலப்போட்டி ஒன்றுதான். திருநாவலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸில் படித்து, வடக்கனந்தல் பள்ளிக்கூடத்துக்கு டிரில் டீச்சராக வந்திருந்த ராணியம்மாளுக்கு இது பொறுக்கவில்லை. நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிற இடுப்புக்குக் கோலமாவு எந்த மூலைக்கு என்று கேட்டார். விழாக் கமிட்டித் தலைவர் நாராயணசாமி, "பொம்பளைங்க கயிறு இழுத்தா பாக்க நல்லாவா இருக்கும்?" என்றார். "கெணத்துல தண்ணி இழுக்கறப்ப நல்லாத்தானேங்க இருக்கு?" என்றார் டீச்சர். நாராயணசாமி, தன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற வடத்தையே அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்.

கூலிவேலை செய்கிற சாலம்மாள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பரிசாக வைத்திருந்த பித்தளைக் குடத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர் அணி ஈச்சங்காடு என்று கேள்விப்பட்டிருந்தாள். அது அவள் தங்கை செவ்வந்தியைக் கட்டிக்கொடுத்த ஊர். தாயில்லாத அந்தப் பெண்ணை இடுப்பில் வைத்து வளர்த்தவள் சாலம்மாள்தான். வண்டித்தடம்கூட இல்லாத ஒன்பது மைல். நடவு விட்டால் களை, களை விட்டால் அறுப்பு. நாலு வருஷத்தில் இரண்டே தடவைதான் தங்கையின் முகத்தைப் பார்த்திருந்தாள்.

பக்கத்துக்கு எட்டுப் பேர். வடத்தின் நடுவே கட்டிய சிவப்புத் துணிக்கு இந்தப் பக்கம் சாலம்மாள், அந்தப் பக்கம் செவ்வந்தி. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். டீச்சர் விசில் ஊதினார். கால் நாழிகையில் துணி கோட்டைத் தாண்டி வர, வடக்கனந்தல் ஜெயித்தது. மற்ற பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டார்கள். அக்காளும் தங்கையும் விடவில்லை.

"கயித்த விடுங்கம்மா! போட்டி முடிஞ்சிடுச்சு!"

"நீங்க விசில் ஊதிக்கினே இருங்க டீச்சர். நாங்க வுடல" என்றாள் சாலம்மாள்.

"யக்கா, கை எரியுதுக்கா."

"வுட்டுடாதடி."

"வுட்டா என்னை இட்டுக்கினு பூடுவாங்கக்கா."

"அதான் சொல்றேன், கெட்டியா புடி."

செவ்வந்தி சொன்னது மைதானத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. பிறந்த ஊரை விட்டு வந்த பெண்கள்தான் அங்கே பாதிப் பேர். அதன்பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வடக்கனந்தல் பெண்கள் வரிசையாக வந்து சாலம்மாளின் பின்னால் கயிற்றைப் பிடித்தார்கள். ஈச்சங்காட்டுப் பெண்கள் செவ்வந்தியின் பின்னால் போய்க் காலை ஊன்றினார்கள். அந்தக் கால்கள் சறுக்கவில்லை. மண்தான் அவர்களோடு சேர்ந்து நகர்ந்தது.

இரண்டு நாள் இழுத்தார்கள். நாராயணசாமி வீட்டிலிருந்து கூழ் வந்தது. அவரே ஊட்டியும் விட்டார். இரண்டாம் நாள் உச்சிவேளையில் மைதானத்தின் மேற்கு ஓரம் ஒரு புளியமரம் தலைகாட்டியது. அதற்குப் பின்னால் பொதுக்கிணறு, மாரியம்மன் கோயில், எழுபத்திரண்டு வீடுகள், அவற்றின் ஆடுமாடுகள். அடுப்பில் கொதித்த குழம்பு ஒரு சொட்டும் சிந்தவில்லை. இடையிலிருந்த வயல்கள் புடவைக் கொசுவம்போல மடிந்து அடங்கின. பின்னால் தாலுகாவிலிருந்து சங்கிலியோடு வந்து அளந்தவர்கள் ஒருவருக்கும் ஒரு சென்ட் குறையவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள்.

செவ்வந்தியின் புருஷன் சின்னக்கண்ணு, வாசலில் உட்கார்ந்து கூடை முடைந்தபடியே வந்து சேர்ந்தான். சுற்றிலும் பார்த்தான்.

"இன்னா செவ்வந்தி, உங்கக்கா வூடு இவ்ளோ கிட்டவா இருக்குது?"

"இப்பதான்" என்றாள் அவள். கயிற்றை அப்போதுதான் விட்டாள். சாலம்மாளும் விட்டாள். கொப்புளம் உடைந்த கைகளோடு இருவரும் கட்டிக்கொண்டு அழுததையும் சிரித்ததையும் பார்த்துவிட்டு, டீச்சர் பித்தளைக் குடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பொதுக்கிணற்றுப் பக்கம் வைத்துவிட்டார்.

மறு வருஷம் கோலப்போட்டிக்கு ஒருத்திகூட வரவில்லை. மணலூர்பேட்டைவரைக்கும் உள்ள பெண்கள் தங்கள் தாய்வீட்டு ஊர்ப் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, கயிறு இழுக்கப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். டீச்சர் ஒவ்வொரு பெயரையும் திசைவாரியாகக் குறித்துக்கொண்டார். ஒரே நாளில் எல்லா ஊரும் வந்தால் நிற்க இடம் வேண்டுமே என்பது அவர் கவலை.

ஈச்சங்காடு வந்து நின்ற மறுநாள் விடிந்ததும் சாலம்மாள் நடவுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் நின்று, "ஏய் செவ்வந்தி, வர்றியா?" என்று குரல் கொடுத்தாள். தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தாள் தங்கை.