ஒக்சிம் அக்காவின் ஜெபத்தில் இருந்த உப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டேன். மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சபையில், காலை ஐந்து மணி ஜெபத்துக்கு, ஒக்சிம் அக்காவுக்குப் பின்வரிசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். காது இருக்கிறதே, என்ன செய்ய?

முதல் வரியை இப்படி வைத்தேன்: "கடல்மேல் பனி இறங்கிய அந்த வைகறையில், விசுவாசம் தளர்ந்த ஒரு பெண்..."

சீ! அக்கா படித்தால் இறால் சட்டியைத் தூக்கி என் தலையில் கவிழ்ப்பாள்.

2

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. சந்தையில் உப்பில் ஊறிய இறால் விற்கிறாள். ஒரு காலத்தில் அவள் ஜெபித்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணும் மூக்கும் ஒழுக, கர்த்தரின் சட்டையைப் பிடித்து உலுக்குவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோயிற்று.

(இங்கே ஒரு காரணம் வேண்டும். புருஷனைச் சாகடித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த மனுஷன் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். பிள்ளைகளும் சுகம். அக்காவுக்கு அதுதான் பயமே. ஒரு துக்கம் இருந்தால் பழியை அதன்மேல் போடலாம்.)

ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை. எங்கள் சபையில் எல்லோரும் "கர்த்தாவே!" என்று மூன்று தடவை கத்திவிட்டு, அவரவர் ஜெபத்தை ஒரே நேரத்தில் உரக்கச் சொல்லுவோம். பாஸ்டர் மேஜைமணியைத் தட்டும்வரை ஒரே இரைச்சல். பக்கத்தில் இருப்பவர் சொல்வது கூட விளங்காது. வாய் அசைந்தால் போதும். அக்கா அசைத்தாள்.

3

கில்ஜாவை இங்கே கொண்டுவர வேண்டும். அக்காவின் கடைக்குப் பக்கத்தில் கருவாடு விற்பவள். புருஷன் தல்சுவின் நுரையீரலில் கட்டி.

"எனக்கு வாயத் தொறந்தா அழுகதான் வருது. அவருக்காக நீ ஜெபம் பண்ணுக்கா. உன் ஜெபம் நேரா மேல போகும்" என்றாள்.

"சரிடி" என்றாள் அக்கா. வேறென்ன சொல்லுவாள்?

நாற்பது நாள் ஆயிற்று.

4

நவம்பர். குளிர்காலத்துக்குச் சபை மொத்தமும் சேர்ந்து, கோஸை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்து, கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். சமையல்கட்டுப் பொறுப்பு அக்காவுடையது. அன்றைக்குப் பாஸ்டருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் மணியைச் சீக்கிரம் தட்டிவிட்டார். எல்லோரும் கப்பென்று நிறுத்தினோம். அக்காவுக்கு மணி கேட்கவில்லை.

"...கோஸ் முன்னூறு, கல்லுப்பு நாலு மூட்ட, பூண்டு உரிக்க ஆளு வேணும், போன வருஷமாட்டம் இறால் பத்தாமப் போயிடக்கூடாது, ஐயோ மிளகாத்தூள்..."

சபை குலுங்கிச் சிரித்தது. "ஆமென்!" என்றார் பாஸ்டர். கில்ஜா சிரிக்கவில்லை.

(நானும் சிரிக்கவில்லை.*)

* மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால்வரை நான் வேறொரு கதைக்கு முதல் வரி தேடிக்கொண்டிருந்தேன். உரக்கத்தான். தப்பித்தேன்.

5

செருப்பு அடுக்கும் இடத்தில் கில்ஜா பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! நாப்பது நாளா என் புருஷனுக்கு உப்பும் பூண்டுமா போட்டுக்கிட்டிருந்தே?"

"கில்ஜா..."

"அவரு பேரயாவது ஒரு தடவ சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். இங்கே ஒரு பொய்யை எழுதியும் பார்த்தேன், அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

"இல்லடி. மூணு வருஷமா எனக்கு ஒண்ணும் வரல. உள்ள காஞ்சு கெடக்கு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமாம் வெக்கம்! நாளைக்கு ஒம்பது மணிக்கு அவர அறுக்கப் போறாங்க. இப்பப் பண்ணு. என் காதுக்குக் கேக்குறமாதிரி பண்ணு."

"வராதுடி."

"வராட்டி வரலன்னு சொல்லு. அத ஏன் எங்கிட்ட சொல்றே? கர்த்தருகிட்ட சொல்லு!"

6

முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கினி இறங்குகிறது, அக்கா கதறுகிறாள், சாட்சிக் கூட்டத்தில் கைதட்டு வாங்கும். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அதை எழுதியபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவதில் தல்சு பிழைத்து...

இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இரண்டு பேரும் திரும்ப உள்ளே போனார்கள். அக்கா தரையில் கிடந்த மெத்தையில் முழங்கால் போட்டாள். கில்ஜா அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். இப்போது இரைச்சல் இல்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. அக்கா வாயைத் திறந்தாள்.

அடுத்ததை எழுத என்னிடம் நாலு நல்ல வரி இருக்கிறது. ஆனால் ஜெபிக்காமல் ஜெபத்தை எழுதினால் அதுவும் கோஸும் கல்லுப்பும்தானே? நாற்பது நாள் அவள் செய்ததை நான் நாலு வரியில் செய்யமாட்டேன். இடத்தைக் காலியாக விடுகிறேன்.

"கர்த்தாவே, ............................"

அவர் பேர் தல்சு. நாளைக்கு ஒன்பது மணி. உங்களுக்கு வந்தால் நீங்கள் சொல்லுங்கள். வராவிட்டால், வரவில்லை என்று சொல்லுங்கள். என்னிடம் அல்ல.