சேக்காடு ஏரியில் மூழ்காத கல்

1988 ஆவணியில் எத்திராஜின் கருமாதிக் கல் சேக்காடு ஏரியில் மூழ்காமல் மிதந்தது. பத்து நாள் பூசை செய்த கல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது முறை. எத்திராஜின் தம்பி வரதன் முறை தவறாமல்தான் நடந்தான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டுச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. திரும்பினான். கல் வாத்து மாதிரி ஏரி நடுவில் உட்கார்ந்திருந்தது.

தப்பு வரதனுடையதுதான். வெள்ளானூரில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு அஸ்திவாரக் கருங்கல் வந்து இறங்கியிருந்தது. அதிலிருந்து பச்சை ஓடிய வெள்ளைத் துண்டு ஒன்று பெயர்ந்து கிடந்தது. ராணுவ டாங்கி தொழிற்சாலையில் இருபது வருடம் கிரீஸும் கரியுமாக நின்ற அண்ணனுக்கு இதாவது வெளுப்பாக இருக்கட்டும் என்று ஆசையாய் அதையே கருமாதிக் கல்லாக எடுத்து நட்டுவிட்டான். குவார்ட்டர்ஸில் எத்திராஜின் பக்கத்து வீட்டு பக்தவத்சலம் தொழிற்சாலை லேபில் வேலை பார்த்தவர். ஏரியிலிருந்து எடுத்துவந்த கல்லைச் சுரண்டித் தூளை நெருப்பில் காட்டினார். சுடர் சிவப்பாக எரிந்தது. இது ஆம்பிளிகோனைட், லித்தியம் கலந்த பாஸ்பேட் கல், லித்தியம் உலோகங்களிலேயே லேசானது, ஆனால் கல் தண்ணீரைப் போல மூன்று பங்கு கனம், மூழ்கியே தீர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கல் மூழ்கிய பிறகே தாலி கழற்றுவது அந்தக் குடும்பத்து வழக்கம். ஆகவே எத்திராஜின் மனைவி சாமுண்டீஸ்வரியின் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. புருஷன் காலமானதற்காகத் தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். அவள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து பித்தளை அண்டாவில் மிதக்கவிட்டிருந்தாள். காலையில் தண்ணீர் மாற்றும்போது அது அவள் கை இருக்கும் பக்கமாக வந்து ஒட்டி நிற்கும். அவளுக்கு அழுகையும் வரும், சந்தோஷமாகவும் இருக்கும்.

ஆனால் கல் மூழ்காதவரை தீட்டுப் போகாது. தீட்டுள்ள பங்காளி வீட்டில் கல்யாணம் கூடாது. வரதனின் மகள் புஷ்பாவுக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. வரதன் கல்லைச் செங்கல்லோடு கட்டிப் போட்டான், செங்கல்லும் சேர்ந்து மிதந்தது. காசிமேட்டில் படகு பிடித்துக் கடலில் விட்டான், அவன் கரையேறுவதற்குள் அலை அதைக் கொண்டுவந்து செருப்பருகே வைத்துவிட்டது. ஐந்து வருடம் இப்படியே ஓடியது. புஷ்பாவுக்கு இருபத்திரண்டு வயதானபோது மாங்காட்டிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. வரதன் அண்ணி முன்னால் வந்து தலை குனிந்து நின்றான்.

"அண்ணி, கல்லு முங்கற மாதிரி தெர்ல. தாலிய கயட்டிட்டா தீட்டு பூடும்னு பெரியவங்க சொல்றாங்கோ. எம் பொண்ணு மூஞ்சியப் பார்த்தாவது..."

புஷ்பா சாமுண்டீஸ்வரியின் இடுப்பில் வளர்ந்த பெண். கை தாலிக்குப் போனது. அண்டாவைப் பார்த்தாள்.

"கல்லு முங்கலன்னா சாவு முடியல. சாவே முடியல, அப்பறம் தீட்டு மட்டும் எங்கேர்ந்து தம்பி வந்துச்சு? நீ பத்திரிக அடி. அவர நானே இட்டாறேன்."

பெரியவர்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். பெண்ணின் பெரியப்பா எத்திராஜ் என்று, பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்காமல் பத்திரிகை அச்சானது. மாங்காட்டு மண்டபத்தில் முன்வரிசையில் ஜன்னலோரம் அண்டா இருந்தது. பக்கத்தில் பட்டுப்புடவையும் பூவுமாகச் சாமுண்டீஸ்வரி. மணமக்கள் விழுந்து கும்பிட்டபோது தனக்கும் எத்திராஜுக்கும் சேர்த்து அவளே அட்சதை போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெய்யில் அவரு மேலயே அடிக்குதும்மா. இப்டி நெயலாண்ட ஒக்கார வையேன்."

இரண்டு பேர் வந்து, தண்ணீர் அலுங்காமல் அண்டாவைத் தூக்கி நிழலில் வைத்தார்கள்.