கொள்ளிடச் சேற்றில்

பெரம்பலூரில் மணிமொழிக்கு ஒரு தையல் கடை. ஜாக்கெட்டைக் கச்சிதமாகத் தைப்பாள் என்று பேர். அது போதாதென்று வாட்ஸ்அப்பில் புடவை விற்றாள், மாலையில் தையல் வகுப்பு எடுத்தாள், அரியலூரில் இன்னொரு கடைக்கு இடமும் பார்த்துவிட்டாள். குளிக்கப் போனாலும் செல்போன் அடிக்கும். எதை விடுவதென்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சில நாள் எழுந்ததுமே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் வெள்ளைச்சாமி அவளைத் திருமழபாடி கோயிலுக்குக் கூட்டிப்போனான். சாமி கும்பிட்டுவிட்டுக் கொள்ளிடத்தில் இறங்கினார்கள். வெள்ளம் வடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. போனில் பேசிக்கொண்டே நடந்தவள், மணல் அள்ளிய பழைய பள்ளம் ஒன்றில் கால் வைத்தாள். மேலே காய்ந்த ஏடு, உள்ளே சேறு. முழங்கால் வரை போனது. காலை உருவப் பார்த்தாள். தொடை வரை போனது.

"என்னங்க!"

ஓடிவந்த வெள்ளைச்சாமியின் காலும் புதைந்தது. பதறிப் பின்வாங்கினான்.

"அசையாத மொழி. கயிறு வாங்கிட்டு வந்துடறேன்" என்று ஊருக்குள் ஓடினான்.

அவளால் அசையாமல் இருக்க முடியவில்லை. ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சேற்றை வாரினாள். வார வார இடுப்புக்கு வந்தது. எல்லாப் பக்கமும் நெருக்கியது. கத்தினாள், ஆற்றில் யாரும் இல்லை. புருஷனைக் கூப்பிட்டாள், அவன் போன் பைக்கிலேயே கிடந்தது. அதற்குள் புடவை கேட்டு யாரோ அழைத்தார்கள்.

கடைசியில் களைத்துப்போனாள். யாரும் சொல்லித் தரவில்லை, முதுகு தானாகப் பின்னால் சாய்ந்தது. சேறு அவளைத் தாங்கியது. இரண்டு கையையும் விரித்தால் இன்னும் தாங்கும் என்று தோன்றியது. போனை விட்டாள். அது அடித்துக்கொண்டே உள்ளே போனது.

வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். எதையும் இழுக்கவில்லை. வெகுநேரம் கழித்து வலது கால் தளர்ந்து ஒரு விரற்கடை மேலே வந்த மாதிரி இருந்தது. அப்புறம் இடது கால்.

வெள்ளைச்சாமி இரண்டு பேரோடு வந்தபோது தொடை வெளியே தெரிந்தது. அக்குளில் கயிற்றைப் போட்டு மெல்ல இழுத்தார்கள்.

கரையில் அவன் அழுதுவிட்டான். "போன் போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம்."

"இப்ப வேணாங்க. பசிக்குது."

அந்த வாரமே அரியலூர் இடத்தை வேண்டாம் என்றாள். புடவை வியாபாரத்தைச் சிநேகிதி சத்யப்பிரியாவிடம் கொடுத்துவிட்டாள். வகுப்பை மட்டும் விட மனசு வரவில்லை.

"சமாளிச்சுடலாமா மொழி?" என்று வெள்ளைச்சாமி கேட்டான்.

"தெரியலங்க. ஆனா இது போதும்னு தோணுது."

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவன் முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தான். உப்புக் கொஞ்சம் தூக்கல். இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.