ஜெபம் நடக்கும்போது

"விரலைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் ஜோனெட்டாவுக்கு யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. சவப்பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் வலது கையில் வெள்ளைக் கையுறை பாதி ஏறி நின்றிருந்தது.

"நகரு, நான் போடறேன்," என்றாள் வில்மா. அம்மாவோடு சேர்ந்து இதே சபையின் வாசலில் வெள்ளைக் கையுறையோடு நின்று, வருகிறவர்களை உட்கார வைக்கும் ஊழியத்தைக் காலமெல்லாம் செய்தவள். "கையுறை ஏறாம ஊழியத்துக்கு வந்து நின்னா உங்கம்மா என்னையே வீட்டுக்கு அனுப்பிடுவா. இப்ப பாரு, அவளே இப்படிப் படுத்துக்கிட்டு அடம் பிடிக்கிறா."

கையுறை ஏறியது. வில்மா அந்தக் கையை மற்றதன் மேல் வைத்து ஒருமுறை தட்டிக் கொடுத்தாள்.

அப்போதுதான் போதகர் ரென்விக் உள்ளே வந்தார். சின்ன வயசுக்காரர், சபைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"சிஸ்டர் ஜோனெட்டா, ஒரு விஷயம். கேட்லின் வர்றாரு."

"யாரு, செனட்டுக்கு நிக்கிறாரே, அவரா?"

"ரெண்டு வார்த்தை பேசிட்டு, மேக்கன் டவுன்ல அடுத்த கூட்டத்துக்குப் போயிடுவாரு. அம்மா ஷெரீஃபை வாசல்ல நிறுத்தின கதையை யாரோ சொல்லியிருக்காங்க. கேட்டு உருகிட்டாராம். நம்ம சபைக்கும் நல்லதுதானே?"

"பாஸ்டர், ஆஸ்பத்திரியில அம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்களும்தானே கேட்டீங்க? அந்தக் கதையை எவனும் ஓட்டுக்கு விக்கக் கூடாதுன்னாங்க."

"சொன்னாங்கதான். ஆனா வரச் சொல்லிட்டேனேம்மா..." போதகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். அறுபத்து நாலில் ஒரு சாயங்காலம், கறுப்பர்கள் ஓட்டுக்குப் பெயர் பதிவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இங்கே ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களைப் பிடித்துப்போக ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரீஃப் ஆட்களோடு வந்து இறங்கினார். அம்மா வெர்லீன் கதவை ஒரு சாண் திறந்து, "ஜெபம் நடக்குதுங்க ஐயா. முடியட்டும்," என்றாள். பழக்கதோஷம், ஜெபத்தில் குறுக்கிட்டால் தாயிடம் அடி வாங்கி வளர்ந்த பாப்டிஸ்ட் பிள்ளை ஷெரீஃப். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே சபையின் டீக்கன் மேப்ரி ஜெபித்தார், ஜெபித்தார், விஷயமெல்லாம் தீர்ந்து கடைசியில் ஊர் மாடுகளுக்கெல்லாம் பெயர் சொல்லி ஜெபித்தார். பின்பக்க ஜன்னல் வழியாக ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள்.

அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "ஜெபம் நடந்தா நான் யாரையும் விடமாட்டேன். உங்கப்பனையே விட்டதில்ல."

ஆராதனை தொடங்கியது. ஜார்ஜியாவின் ஆகஸ்ட் வெக்கை. எல்லார் கையிலும் காகித விசிறி. ஜோனெட்டா முன்வரிசையில், குடும்பத்தாருக்கென்று வெள்ளை நாடா கட்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. கருப்புக் கார் ஒன்று ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பது மட்டும் கண்ணில் பட்டது.

டீக்கன் மேப்ரி தடியை ஊன்றி ஜெபிக்க எழுந்தார். ஜோனெட்டாவும் எழுந்தாள். அவரைத் தாண்டும்போது குனிந்தாள்.

"பெரியவரே, கொஞ்சம் நீளமா ஜெபிங்க."

"எவ்வளவு நீளம்?"

"வெளிய ஒருத்தர் நிக்கிறாரு. அவருக்கு அடுத்த கூட்டம் மேக்கன்ல."

கிழவரின் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. "அப்ப மாடுங்களையும் கூப்பிட வேண்டியதுதான்."

வாசலில் வில்மா தடுத்தாள். "ஏய், குடும்பத்துக்காரங்க இன்னிக்கி ஊழியம் செய்யக் கூடாது. போய் உக்காரு."

"ஒரே ஒரு ஜெபம், அத்தை. இது மட்டும் நான் நிக்கிறேன்."

வில்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து வேறொரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினாள்.

படியில் பூட்ஸ் சத்தம். ஜோனெட்டா கதவை ஒரு சாண் திறந்தாள். வெள்ளைக்காரர், நல்ல உயரம், கோட்டில் குத்திய அமெரிக்கக் கொடிச் சின்னம்.

"வணக்கம்மா. பாஸ்டர் எனக்காகக் காத்திருக்காரு."

"ஜெபம் நடக்குதுங்க ஐயா. முடியட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது டீக்கனுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். ஜோனெட்டா கதவைச் சாத்தினாள்.

உள்ளே மேப்ரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். செத்துப்போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கோயிலுக்குச் செங்கல் சுமந்த ஐசாக், ராகம் தப்பித் தப்பியே பாடின டோரத்தி, பாவமன்னிப்பு கேட்டுக்கொண்டே சாராயம் காய்ச்சின லீராய்.

"ஐயோ, லீராய்!" என்று ஒரு கிழவி சிரித்தாள்.

"சொல்லுங்க பெரியவரே, அவசரமில்ல!" என்றது சபை. போதகர் மணியைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

கதவில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. ஜோனெட்டா அசையவில்லை.

"அந்தச் சாயங்காலம், கர்த்தாவே," மேப்ரியின் குரல் தணிந்தது. "நான் மாடுங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். வாசல்ல வெர்லீன் மட்டும் நின்னான்னு இவங்க நினைக்கிறாங்க. அவளுக்கு அப்ப ஜோனெட்டா வயித்துல, மூணாம் மாசம். புருஷனுக்கே தெரியாது, மசக்கையில என் பொண்டாட்டி மேல வாந்தி எடுத்ததால எங்களுக்கு மட்டும் தெரியும். ஒரு கை கதவுல, இன்னொரு கை வயித்து மேல, நான் பார்த்தேன். வாசல்ல நின்னது ரெண்டு பேரு, கர்த்தாவே. ரெண்டு பேருன்னு நீர் எழுதி வெச்சுக்கும்."

விசிறிகள் நின்றன.

ஜோனெட்டா கதவில் முதுகைச் சாய்த்தாள். மரம் வெயிலில் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். வில்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

வெளியே கார் கதவு அடித்துச் சாத்தும் சத்தம். சரளைக்கல் நொறுங்கியது. சத்தம் பெருஞ்சாலைப் பக்கம் போய்த் தேயும் வரை மேப்ரி காத்திருந்து, மிச்சமிருந்த ஒரு பசுவையும் ஆசீர்வதித்துவிட்டு, "ஆமென்," என்றார்.

"ஆமென்!" என்று சபை முழங்கியது.

ஜோனெட்டா கதவைத் திறந்தாள். படியில் தாமதமாக வந்தவர்கள் நாலைந்து பேர், வேட்பாளர் பின்னால் இத்தனை நேரம் சத்தமில்லாமல் நின்றவர்கள். தபால்காரர் ஒருவர், துணி மூடிய பாத்திரத்தோடு பக்கத்துப் பண்ணைக்காரி, வேலைச்சட்டையோடு ரெண்டு பேர். தொப்பிகளெல்லாம் கையில்.

"இப்ப வரலாமா?"

அவள் கையால் வழி காட்டினாள். ஒவ்வொருவராக இடம் பார்த்து உட்கார வைத்தாள். கடைசியில் தபால்காரர் மட்டும் மிஞ்சினார். வயசானவர், சட்டை முதுகெல்லாம் ஈரம்.

"எனக்கு எங்கேனாலும் பரவாயில்லம்மா. நிக்கிறேன்."

"வாங்க," என்றாள்.

அவரை முன்வரிசை வரைக்கும் கூட்டிப்போய், வெள்ளை நாடாவை அவிழ்த்து, தன்னுடைய இடத்தில் உட்கார வைத்தாள். கையில் ஒரு விசிறியையும் கொடுத்தாள். பிறகு நடுப்பாதையில் திரும்பி நடந்து, வாசலில் வில்மாவுக்கு எதிர்ப்பக்கம், அம்மா நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.