ரங்கூன் வண்டியில் வந்தவர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில், ரங்கூனில் குண்டு விழுந்து ஓடிவந்த ஜனங்களோடு ஆண்டாயியும் அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினாள். அவள் புருஷனை வழியில், அரக்கான் மலைக்காட்டில், வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. செந்துறை வரை நடந்தே வந்தவள், தங்கை செங்கமலத்தின் வீட்டுக்குள் நுழையாமல் வாசல் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாக்கா."

"அஞ்சு நாள் போவட்டும். என் சட்டிய யாரும் தொடாதீங்க. வழி நெடுக அந்த நோவோடதான் வந்தோம். எனக்குள்ளயும் இருக்கோ என்னமோ."

"எங்க வூட்டுச் சோறு தண்ணி ஆவாதாக்கும்?" செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆண்டாயி மரத்தடியிலேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். தண்ணீரைக் காய்ச்சியே குடித்தாள். வயிறு லேசாக இரைந்தால்கூடத் திடுக்கிட்டு எழுந்தாள். இருப்புக்கொள்ளாமல் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அதே வண்டியில் வந்த வீரமுத்து தெருக்கோடியில் இருந்த தன் வீட்டில் சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் விடியும்போதே அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அவன் பெண்சாதி இருசம்மாள் அவன் வேட்டியைத் தெருவுக்கே பொதுவான கிணற்றடியில் அலசுவதை ஆண்டாயி பார்த்தாள். அலசின தண்ணீர் கல் இடுக்கு வழியாகக் கிணற்றுக்குள்ளேயே வடிந்தது.

செங்கமலத்தின் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள். கிணற்றுக் கயிற்றை வெட்டிப் போட்டாள்.

"பித்துப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கத்தினாள் இருசம்மாள். குடத்தோடு வந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நீதாண்டி நோவக் கொண்டாந்தவ!" என்று ஒருத்தி ஆண்டாயியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

"அடிங்க. ஆனா இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. எம் புருஷன் இப்புடி ஒரு தண்ணியக் குடிச்சுத்தான் செத்தாரு!"

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காள் பக்கத்தில் நின்றாள். "எவளாவது இவ மேல கைய வச்சா நடக்கறதே வேற. ஓடையில ஊத்துத் தோண்டிக் காய்ச்சிக் குடிப்போம், போங்க."

மறுநாள் வீரமுத்து இறந்தான். கயிறு அறுபடும் முன்பே தண்ணீர் எடுத்துப்போயிருந்த பக்கத்து வீட்டுக் கிழவரும் அதே நோவில் போனார். தகவல் போய், சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து கிணற்றில் மருந்து கரைத்தார். தண்ணீர் ரோஜா நிறமாயிற்று. அப்புறம் தெருவில் யாருக்கும் வரவில்லை. ஆனாலும் இருசம்மாள் ஆண்டாயியைக் கண்டபோதெல்லாம் மண்ணை வாரித் தூற்றினாள்.

"நாளைக்கும் ரங்கூன் ஜனம் வருதாம். அஞ்சு நாள் ஒதுங்கியிருங்க, தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு ஸ்டேஷன்ல நான் சொன்னா எவனும் கேக்கறதில்லம்மா" என்று, மறுபடி கிணற்றைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் ஆண்டாயியிடம் சொன்னார்.

"நான் சொன்னா கேப்பாங்க, சார்."

மறுநாள் விடிந்ததும் ஆண்டாயி அரியலூர்ப் பாதையில் இறங்கிவிட்டாள்.

"கஞ்சியாவது குடிச்சிட்டுப் போக்கா!"

"வண்டி வந்துரும்டி" என்று நடந்துகொண்டே சொன்னாள்.